கால்நடை டாக்டர் பதில்கள்: தேதி தவறாத ஊசி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. நாய், பூனை வளர்ப்பவர்கள் செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "பிரியம் இருந்தால் காசு பார்க்கலாமா?" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். காசு பார்க்கத்தான் வேண்டும். பாதி வைத்தியத்தில் பணம் தீர்ந்துபோய், நாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் பிரியம் குறைவில்லை. ஆகவே இந்த இதழில் செலவுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லாப்ரடார் குட்டி ஒன்றை 45 நாளில் வாங்கினோம். வாங்கிய வாரமே ஊசி போட்டோம். அடுத்த பதினைந்து நாளில் வாந்தி, ரத்தக் கழிச்சல். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற தொற்றுநோய் என்றார்கள். ஆறு நாள் ட்ரிப்ஸ் ஏற்றி, பதினாலாயிரம் ரூபாய் செலவழித்தும் பிழைக்கவில்லை. ஊசி போட்டும் வந்தது என்றால் ஊசி எதற்கு, டாக்டரம்மா? மனைவி இன்னொரு குட்டி வேண்டும் என்கிறாள்.
— ஒரு வாசகர், புதுவயல்

பதில்: தம்பி, அந்த ஆறு நாளும் நீங்கள் இருவரும் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் தப்பில்லை. உங்களுக்கு யாரோ முழு விவரத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது. அதுதான் முதல் சில வாரம் குட்டியைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே சக்திதான் நாம் போடும் ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. தாய் தந்தது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு ஆறு வாரத்தில் கரையும், இன்னொன்றுக்குப் பதினாலு வாரம் வரை கிடக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்கூட வித்தியாசம் உண்டு. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறோம். எந்த ஊசி பிடிக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ விழுந்திருந்தால்தான் அநேகமாக எல்லாக் குட்டிக்கும் பிடித்திருக்கும் என்று நம்பலாம். உங்கள் குட்டிக்குப் போட்ட முதல் ஊசி தாயின் சக்தியில் கரைந்து போயிருக்கலாம். இல்லையென்றால் விற்ற இடத்திலேயே கிருமி ஏறியிருக்கலாம். ஏறிய கிருமி மூன்றிலிருந்து ஏழு நாளில், சில குட்டிகளில் இரண்டு வாரம் வரை கழித்தும், நோயாகத் தெரியும்.

இதைச் சொல்லாமல் "ஊசி போட்டாச்சு" என்று ஒரே வரியில் சொல்லி விற்பவர்களிடம் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. குட்டி வாங்கும்போது ஊசி போட்ட அட்டையைக் கேளுங்கள். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதில் பேட்ச் எண், காலாவதி தேதி இரண்டும் இருக்கும். வெறும் பேனாவில் எழுதிய தேதியை நம்பி அடுத்த ஊசிக்குக் காத்திருக்காதீர்கள். அதேபோல் மெடிக்கல் ஷாப்பில் குப்பியை வாங்கி, சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவந்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சூடான மருந்து உள்ளே போனால் ஊசி போட்ட நிம்மதி மட்டும் நமக்குக் கிடைக்கும். குட்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்போது கணக்கு. நம் ஊர்ப் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில், பார்வோ உட்படப் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி ஒன்றுக்கு ஐந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை வாங்குகிறார்கள். நடுவாக எழுநூறு என்று வைத்தால் மூன்றுக்கு இரண்டாயிரத்து நூறு. வெறிநாய்க்கடி ஊசி முந்நூறு. வயிற்றுப் பூச்சி மருந்து முதல் வருஷம் முழுக்கவும் சேர்த்து ஐந்நூறுக்குள் அடங்கும். ஐந்தொகை போட்டால் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. அதுவும் ஆறேழு மாதத்தில் பரவிய செலவு. எதிர்ப்பக்கத்தில் பதினாலாயிரம், ஆறே நாளில், உயிரும் இல்லை. பார்வோவுக்கு என்று கிருமியைக் கொல்லும் மருந்து நடைமுறையில் நம் கையில் இல்லை. நாங்கள் செய்வதெல்லாம் நீர்ச்சத்து குறையாமல் ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி நுழையாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பு தானாக ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான். அதனால்தான் செலவு நாள் கணக்கில் ஏறுகிறது.

இன்னொரு குட்டி பற்றி. தயவுசெய்து உடனே வாங்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில், நிழலான இடத்தில், மாதக்கணக்கில், ஒரு வருஷம்வரைகூடக் கிடக்கும். சோப்பு, டெட்டாலுக்கு அசையாது. முதலில் அழுக்கை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை என்றால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், நிறம் மங்கலாம். குட்டி படுத்த சாக்கு, மரத் தட்டு, கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். கொல்லை மண்ணைப் பிளீச் கொண்டு சுத்தம் செய்ய முடியாது. அங்கே வெயில் நன்றாக விழட்டும். அடுத்து வரும் குட்டி, பதினாறு வார ஊசியை முடித்து இரண்டு வாரம் கழிந்ததாக இருக்கட்டும். உங்கள் மனைவிக்குக் காத்திருப்பது கஷ்டமாக இருக்கும். ஆனால் அதே வீட்டில் இன்னொரு குட்டி அதே மாதிரி போவதை அவர் பார்க்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக நாட்டு நாய்தான். ஒன்றுக்கும் ஊசி போட்டதில்லை. சீமை நாய்க்குத்தானே இதெல்லாம்? பேரன் காசைக் கரைக்கிறான்.
— ஒரு பெரியவர், கோனாபட்டு

பதில்: ஐயா, நாட்டு நாய் வெயில் தாங்கும், தோல் நோய் குறைவு, கண்ட தீனியும் செரிக்கும். நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் பார்வோ என்ற நோயையே உலகம் 1978-ல்தான் கண்டது. உங்கள் அப்பச்சி காலத்து நாய்கள் அதைத் தாங்கி நின்றவை அல்ல, அவை அதைப் பார்க்கவே இல்லை. இன்றைக்குத் தெருவில் ஒரு ஈற்றில் ஆறு குட்டி பிறந்து ஒன்றோ இரண்டோ மிஞ்சுகிறதே, அதில் பார்வோவும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு நாய்த் தொற்றுநோயும் கொண்டுபோவது நிறைய. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெறிநாய்க்கடி ஊசியில் மட்டும் பேரனோடு வாதாட வேண்டாம். அந்த நோய் குறி காட்டிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் மருந்து கிடையாது. இதில் செலவே இல்லாத வழியும் உண்டு. ஜூலை 6-ஆம் தேதி விலங்குவழி பரவும் நோய்களுக்கான நாள். 1885-ல் லூயி பாஸ்டர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டது அன்றைக்குத்தான். அன்று நம் அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக வெறிநாய்க்கடி ஊசி போடும் முகாம் நடக்கும். உலக வெறிநாய்க்கடி நோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் நடப்பதுண்டு. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு வருஷா வருஷம். நாய் ஊசி போடாததாக இருந்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாலு நாள் ஊசி. ஊசிக்குக் காசு வாங்க மாட்டார்கள்தான். ஆனால் நாலு நாள் பள்ளிக்கூடம், கூடப் போகிறவரின் நாலு நாள் கூலி, அதற்கு மேல் வீடு முழுக்க ஒரு மாதத்துப் பயம். பேரன் கரைக்கும் காசு இதைவிடக் குறைவு, ஐயா. அவனைக் கூட்டிக்கொண்டு நீங்களே ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் பாமரேனியன் பப்பிக்கு எட்டு வயது. ஒரு மாதமாகத் தண்ணீராகக் குடித்தது, சோறு தொடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையில் சீழ் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்தார்கள். இருபத்திரண்டாயிரம் ஆனது. பிழைத்துவிட்டது, அந்தப் பிள்ளையார் புண்ணியம். வீட்டில் ஒன்றரை வயதில் இன்னொரு பெட்டை இருக்கிறது. அதற்கு இப்போதே கருத்தடை செய்துவிடலாம் என்கிறாள் மகள். வாயில்லா ஜீவனுக்கு அது பாவம் இல்லையா?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பப்பி பிழைத்ததற்கு முதலில் என் சந்தோஷம். நீங்கள் "தண்ணீராகக் குடித்தது" என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவனம்தான் அதைக் காப்பாற்றியது.

இந்த நோய்க்குப் பையோமெட்ரா என்று பெயர். பெட்டை நாய் தீட்டாகி முடிந்த பிறகு, குட்டி தங்கினாலும் தங்காவிட்டாலும், அதன் உடம்பு இரண்டு மாதம் சினையாக இருப்பது போலவே ஹார்மோன் சுரக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, வாய் மூடிக்கொள்கிறது. தீட்டின்போது உள்ளே போன கிருமிக்கு அது வளர்வதற்கு வசதியான இடம். ஒவ்வொரு தீட்டும் இப்படிக் கழியக் கழிய ஆபத்து கூடுகிறது. தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள், நடு வயதைத் தாண்டிய பெட்டைகளுக்கு வருவது அதனால்தான். ஸ்வீடனில் வழக்கமாகக் கருத்தடை செய்வதில்லை. அங்கே காப்பீட்டுக் கணக்குகளை வைத்துப் பார்த்ததில், ஏறத்தாழ நாலில் ஒரு பெட்டைக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருக்கிறது. நாலில் ஒன்று, ஆச்சி. உங்கள் தெருவில் உள்ள பெட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு ஆபரேஷனிலும் எடுப்பது ஒரே உறுப்புத்தான். ஆரோக்கியமான இளம் நாய்க்குப் பகலில், வெறும் வயிற்றில், ரத்தம் பார்த்து, திட்டமிட்டுச் செய்தால் நம் பக்கத்தில் ஐயாயிரம், எட்டாயிரத்துக்குள் முடியும். பெரிய அரசு கால்நடை மருத்துவமனைகளில் அதைவிடக் குறைவு. பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடும். சீழ் கோத்து, சிறுநீரகம் தளர்ந்து, விஷம் ரத்தத்தில் ஏறிய நிலையில் வயதான நாய்க்கு ராத்திரியில் செய்தால் செலவு மூன்று நாலு மடங்கு. மயக்க மருந்தைத் தாங்குமா என்ற பயம் வேறு. இளம் வயதில் செய்துவிட்டால் மார்பில் கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது. அதற்கு ஆகும் செலவை இங்கே நான் சேர்க்கவே இல்லை.

ஒன்றரை வயதில் செய்வது நல்ல வயது. தீட்டாகி இரண்டு மூன்று மாதம் கழித்துத் தேதி வாங்குங்கள். தீட்டு நடக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம், அப்போது செய்யக் கூடாது.

ஆபரேஷன் வேண்டாம், குட்டி போடாமல் இருக்க ஊசி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். விலை குறைவுதான். ஆனால் அந்த ஹார்மோன் ஊசி கர்ப்பப்பையை நான் மேலே சொன்ன அதே நிலைக்குத் தள்ளுகிறது. அந்த ஊசி போட்ட பெட்டைகள் சில மாதம் கழித்துச் சீழோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பாவம் பற்றிக் கேட்டீர்கள். நான் சாஸ்திரம் படித்தவள் அல்ல, வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாய்க்குத் தாயாக வேண்டும் என்ற ஏக்கம் மனதில் கிடந்து வாட்டுவதாக நான் கண்டதில்லை. பையோமெட்ராவில் அது படும் வலியையும் தாகத்தையும் கண்டிருக்கிறேன். நீங்களும் பப்பியிடம் கண்டீர்கள். வீட்டில் பிறந்த குட்டிகளைக் கொடுக்க ஆள் இல்லாமல் ஊருணிக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்களே, என் மனசுக்கு அதுதான் பாவமாகப் படுகிறது. மகள் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கானாடுகாத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒரு நாய் வளர்க்கிறார். போன தையில் கல்யாணத்துக்கு வீட்டை முழுக்கத் திறந்தோம். அதிலிருந்து நாய் உடம்பு முழுக்க உண்ணி. காய்ச்சல் வந்து மூக்கில் ரத்தம் வடிந்து, ரத்தப் பரிசோதனை, மருந்து என்று பதினோராயிரம் அனுப்பினேன். இப்போது திரும்பவும் உண்ணி. வீட்டுக்கே மருந்து அடிக்க ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் உண்ணி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை.

நாய்களுக்கு வரும் பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்றுமுறை நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் ஒளிந்து தோல் உரிக்கும். கடைசியில் பெட்டை உண்ணி இறங்கிச் சுவரேறி, ஒரு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். மற்ற உண்ணிகள் புல்லில் இருக்கும். இது மட்டும் வீட்டுக்குள் வாழப் பழகியது. வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கும் மேல் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும். நம் வீடுகளில் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி மரத் தூண், தூணுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு, நிலைக்கதவின் வேலைப்பாடு, உத்திரத்துக்கு அடியில் பொந்து. முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவர் வழவழவென்று இருக்கும், அதில் ஒளிய இடமில்லை. ஆனால் மரம் சுவரைத் தொடும் இடமெல்லாம் உண்ணிக்கு வீடு. கல்யாணக் கூட்டத்தில் நாயை இரண்டாம் கட்டிலோ பட்டாலையிலோ கட்டிப்போட்டிருப்பார்கள். பசியோடு காத்துக் கிடந்தவை இறங்கி வந்துவிட்டன.

மூக்கில் ரத்தம் வந்தது எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருந்திருக்கும். ரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துவிடும். டாக்சிசைக்ளின் மாத்திரை நாலு வாரம் கொடுக்க வேண்டும். மருந்து விலை பெரிதில்லை. திரும்பத் திரும்ப ரத்தம் பார்ப்பதும், நாய் சாப்பிடாத நாட்களில் ட்ரிப்ஸ் ஏற்றுவதும், போக்குவரத்தும்தான் பணத்தைத் தின்றிருக்கும். இடையில் தேறியது போல் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வீட்டுக்கு அடிப்பதற்கு முன்னால் நாய்க்குச் செய்யுங்கள். வாயால் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன. சில ஒரு மாதம் வேலை செய்யும், சில மூன்று மாதம். நாயின் எடைக்கேற்ப விலை மாறும். மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேலேயே ஆகலாம், குறைவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடைவிடாமல் கொடுத்தால் வீட்டில் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு உண்ணியும் பசிக்கு இந்த நாய் மேலேயே ஏறி, கடித்து, முட்டையிடாமல் செத்துவிழும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் வீடு தானாகக் காலியாகும். நடுவில் ஒரு மாதம் விட்டாலும் பழையபடி பெருகிவிடும், அதனால் தேதியை நீங்கள் போனில் குறித்து வைத்துக்கொண்டு அண்ணனுக்கு ஞாபகப்படுத்துங்கள். வலிப்பு வரும் நாயாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். கூடவே நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளைச் சுண்ணாம்புக் கலவையாலோ மெழுகாலோ அடைக்கச் சொல்லுங்கள். அந்த ஓர் அறையளவுக்கு மட்டும் மருந்து அடித்தால் போதும். எண்பது தூண் வீட்டுக்கு மொத்தமாக அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

செய்யக் கூடாதவை இரண்டு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் தேய்க்கவே கூடாது. எச்சில் ஒழுகி, உடம்பு துடித்து, மூச்சு நின்ற நாய்களை இங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது, நாய்க்கு முதுகில் விடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கு விடக் கூடாது. பூனைக்கு அது விஷம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு எலும்பெல்லாம் நாய்க்குத்தான். காலம் காலமாகக் கொடுக்கிறோம். கூடாது என்கிறாரே டாக்டர்?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். நூறு தடவை ஒன்றும் ஆகாது, ஒரு தடவை குடலில் குத்தும். அந்த ஒரு தடவைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் வேறு. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், குழம்பில் வெந்தாலும் அந்தக் குணம் போகாது. மசாலா சேர்ப்பதற்கு முன்னால் நாலு துண்டு கறியை எடுத்துத் தனியே வேகவைத்து, எலும்பில்லாமல் சோற்றில் பிசைந்து கொடுங்கள். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியட்டும்.

கேள்வி: எங்கள் நாய்க்கு டானிக், கால்சியம், முடிக்கு ஆயில், விலை உயர்ந்த ஷாம்பு என்று மாதம் ஆயிரத்து ஐந்நூறு ஆகிறது. எதை விடலாம்?
— ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: அநேகமாக எல்லாவற்றையும் விடலாம், கண்ணு. நல்ல நாய்த் தீனி சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் தனியாகத் தேவையில்லை. பெரிய ஜாதிக் குட்டிக்கு அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கவே செய்யும். முடி கொட்டினால் ஆயிலுக்கு முன்னால் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாம்பு தோல் வியாதி இருந்தால் மட்டும், டாக்டர் சொன்னது மட்டும்.

தடுப்பூசியிலும் ஒரு விஷயம். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கம், குட்டிப் பருவத்து ஊசிகளையும் அதற்கடுத்த பூஸ்டரையும் சரியாக முடித்த நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது. எலிக் காய்ச்சல் ஊசி மட்டும் வருஷா வருஷம் வேண்டும். ஐப்பசி மழையில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்கும் ஊர் இது, அந்த நோய் நாயிடமிருந்து உங்களுக்கும் வரும். எந்தெந்த ஊசி தனித்தனியாகக் கிடைக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டர் எனக்குத் தெரிந்து குறைவு. மிச்சமாகும் பணத்தில் பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து. எடை பார்க்காமல் அரை மாத்திரை கொடுப்பது பூச்சிக்குச் சாப்பாடு போடுவது மாதிரி.

கேள்வி: நாய்க்கு ஒன்பது வயது. நன்றாகத்தான் இருக்கிறது. வருஷம் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வது அவசியமா?
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: முடிந்தால் பாருங்கள். கையில் பணம் குறைவென்றால் இரண்டு காரியத்தை மட்டும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை எடை. நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மிஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. நூறு இருநூறு ரூபாயில் முடியும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்கும். சிறுநீர் நீர்த்துப் போவது அதற்கு முன்னாலேயே தெரியும். அந்த நிலையில் தீனியை மாற்றினாலே வருஷக்கணக்கில் ஓட்டலாம்.

கேள்வி: பதினெட்டு நாட்டுக் கோழி வளர்த்தேன். பனிக்காலத்தில் பச்சையாக, வெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகிப் பதினொன்று செத்துவிட்டது. முட்டை விற்றுத்தான் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிறேன். நாய் பூனை பத்தியில் இதைக் கேட்கலாமா?
— ஒரு வாசகி, கல்லல்

பதில்: தாராளமாகக் கேளுங்கள், தங்கச்சி. இது வெள்ளைக் கழிச்சல். வந்துவிட்டால் மருந்து இல்லை. வராமல் தடுக்க உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாமும் வரும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் பூச்சி மருந்து கொடுத்துவிட்டால் நன்றாகப் பிடிக்கும்.

மிஞ்சிய ஏழும் இப்போது தெம்பாக இருந்தால் மட்டும் கொண்டு போங்கள். வாட்டமாக உள்ளதைத் தனியே அடையுங்கள். செத்ததைக் கண்மாயில் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். கூட்டை வெள்ளையடித்து, குறைந்தது ஒரு மாதம் புதுக் கோழி சேர்க்காமல் இருங்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டு மணிக்கெல்லாம் கூடையில் வைத்துக் கொண்டுபோய்விடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. திறந்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், கோழி நிறைய வந்தால் அவர்களுக்கும் வீணாகாது.